பத்து டிகிரியில் இரு மடங்கு!

மழையில் நனைந்த சைக்கிளின் கைப்பிடி துருப்பிடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. பட்டாசுக்குள் இருக்கும் மருந்து எரிந்து தீர ஒரு வினாடிகூட ஆவதில்லை. இரண்டும் ஆக்சிஜனேற்ற வினைகளே. பின் ஏன் இத்தனை வேறுபாடு?

ஒரு வேதிவினையைப் பற்றி நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது நிகழுமா என்பது ஒன்று. எவ்வளவு விரைவாக நிகழும் என்பது மற்றொன்று. உங்கள் கையிலுள்ள இந்தத் தாள், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரியக்கூடியதுதான். ஆயினும் நெருப்பை அருகே கொண்டு போகாத வரை அது பல்லாண்டுகள் அப்படியே இருக்கும். வினை நிகழக்கூடியது என்பது மட்டும் போதாது. அதன் வேகமும் தெரிய வேண்டும்.

மோதல்களைக் கூட்டுவோம்

இரு பொருள்கள் வினைபுரிய வேண்டுமானால் அவற்றின் மூலக்கூறுகள் முதலில் ஒன்றோடொன்று மோத வேண்டும். ஆகவே மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வினை விரைவுபடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு முட்டை ஓட்டை நன்கு கழுவிக் காயவைத்து, இரண்டு சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை நன்றாகப் பொடியாக்குங்கள். மற்றதைப் பெரிய துண்டுகளாகவே விடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் இவற்றைப் போட்டு, சம அளவு வினிகர் ஊற்றுங்கள். பொடி உள்ள டம்ளரில் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பும்; துண்டுகள் உள்ள டம்ளரில் மெதுவாகவே வரும். வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. ஓட்டைப் பொடியாக்கியதால் அதன் புறப்பரப்பு பெருகியது. அமிலம் மோதுவதற்கு இடமும் பெருகியது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மீண்டும் செய்து பாருங்கள். செறிவு குறைந்தவுடன் வேகமும் குறைவதைக் காண்பீர்கள்.

இது எளிதில் விளங்குகிறது. ஆனால் வெப்பநிலையிடம் வரும்போது ஒரு புதிர் காத்திருக்கிறது.

சராசரி சொல்லாத கதை

சாதாரண வெப்பநிலையில் பல வினைகள், 10 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பெறுகின்றன. சூடேறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன, அதனால் மோதல்கள் கூடுகின்றன என்று நீங்கள் விடை சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம், கெல்வின் அளவிலான வெப்பநிலையின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். 37 டிகிரி என்பது 310 கெல்வின். இந்த மாற்றத்தால் வேகம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை! இரு மடங்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு 1889-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் வழிகாட்டினார். எல்லா மோதல்களும் வினையில் முடிவதில்லை. மூலக்கூறுகளிலுள்ள பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாக ஒரு குறைந்த அளவு ஆற்றல் தேவை. இதுவே கிளர்வு ஆற்றல். அந்த அளவை எட்டாத மூலக்கூறுகள் மோதிவிட்டு வெறுமனே விலகிப் போகின்றன.

கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோ ஜூல் உள்ள ஒரு வினையை எடுத்துக்கொள்வோம். 27 டிகிரியில் நூறு கோடி மோதல்களில் ஏறத்தாழ 2 மட்டுமே அந்த அளவை எட்டுகின்றன. 37 டிகிரியில் அது ஏறத்தாழ 4 ஆகிறது. சராசரி சற்றே அசைந்தது. ஆனால் தகுதி பெற்றவை இரட்டிப்பாயின. பெரிய தேர்வொன்றில் எல்லோருக்கும் 2 மதிப்பெண் கூட்டினால் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் 98-க்கு மேல் பெறுவோரின் எண்ணிக்கை எப்படி உயரும் என்று எண்ணிப் பாருங்கள். இதுவும் அது போலத்தான்.

வினையூக்கி வேறு வழியில் உதவுகிறது. அது மூலக்கூறுகளுக்கு ஆற்றலைக் கொடுப்பதில்லை. குறைந்த கிளர்வு ஆற்றல் போதுமான ஒரு மாற்றுப் பாதையைத் திறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் ஒரு சிட்டிகை மாங்கனீஸ் டை ஆக்சைடு இட்டால் ஆக்சிஜன் பொங்கி வருவதற்கு இதுவே காரணம். இறுதியில் அந்தக் கறுப்புத் தூள் செலவாகாமல் மிஞ்சும்.

போபாலில் நடந்தது

வினை தானே வெப்பத்தை உமிழ்ந்தால் என்ன ஆகும்? வெப்பம் வேகத்தைக் கூட்டும்; கூடிய வேகம் மேலும் வெப்பம் தரும். கலன் வெப்பத்தை வெளியே விடுகிறதே என்பீர்கள். நியூட்டனின் குளிர்தல் விதியை நினைவுகூருங்கள். கலனின் வெப்பநிலை சுற்றுப்புறத்தைவிட 10, 20, 30, 40 டிகிரி உயரும்போது, வெளியேறும் வெப்பம் 1, 2, 3, 4 என்ற விகிதத்தில்தான் கூடுகிறது. உண்டாகும் வெப்பமோ 2, 4, 8, 16 என்று பாய்கிறது. ஒரு கட்டத்துக்குமேல் வினையைப் பிடித்து நிறுத்த முடியாது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில், யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் 610-ஆம் எண் தொட்டியில் இதுதான் நடந்தது. அதில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. குளிர்நிலையில் வைக்க வேண்டிய பொருள் அது. ஆனால் குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வெப்பம் உமிழும் வினை தொடங்கியது. அரிக்கப்பட்ட தொட்டிச் சுவரின் இரும்பு வினையூக்கியாகச் சேர்ந்தது. வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டியது; நச்சுவாயு பீறிட்டு, உறங்கிக்கொண்டிருந்த நகரின்மீது பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

பூஜ்யம் டிகிரியில் இருக்க வேண்டியது 20 டிகிரியில் இருந்தால், நமது விதிப்படி வினை தொடங்கும்போதே வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதாவது, ஆபத்தை உணர்ந்து செயல்படக் கிடைக்கும் நேரமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. குளிரூட்டுவதற்கு ஆகும் செலவு வீண் செலவல்ல என்பதைப் போபால் காட்டியது.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சிதைக்கும் வினைகளை மெதுவாக்கவே அந்த ஏற்பாடு. ஒரு மருந்து 5 டிகிரியில் 24 மாதங்கள் கெடாமல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு விதி அதற்கும் பொருந்துமானால், 35 டிகிரி வெயிலில் அது எத்தனை மாதங்கள் தாங்கும்?

விடை 3 மாதங்கள் என்று வந்ததா? அப்படியானால், மருந்துப் புட்டியின்மேல் 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அச்சிட்டிருப்பது ஏன் என்பதை இனி உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்களே விளக்கலாம்.