உங்களுக்குத் தெரியுமா? கடுகின் காரம் தண்ணீரில் பிறக்கிறது!

வேளச்சேரி மளிகைக் கடையில் வாங்கிய கடுகை முகர்ந்து பாருங்கள், நெடியே இருக்காது. விதைக்குள் காரம் தயாராக இல்லை!

கடுகில் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. விதையை நொறுக்கி ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து, மூக்கில் ஏறும் அல்லைல் ஐசோதயோசயனேட்டை உண்டாக்குகின்றன. வெந்நீர் ஊற்றினால் நொதி செயலிழந்துவிடும். குளிர்ந்த நீர் என்றால் சில நிமிடங்களில் காரம் உச்சத்துக்குப் போகும்.

சூடான எண்ணெயில் வெடிக்கும் தாளிப்புக் கடுகு காரமின்றி மணப்பது இதனால்தான். அதே கடுகைப் பச்சையாக அரைத்துத் தயிர்ப் பச்சடியில் கலந்தால் சுரீரென்கிறது.

ஆந்திராவின் ஆவக்காய்க்குப் பெயர் தந்ததே கடுகுதான். தெலுங்கில் ‘ஆவ’ என்றால் கடுகு. வங்காளத்தில் கடுகை அரைத்துப் புளிக்கவைத்த ‘காசுந்தி’யைக் கீரைக்கும் கட்லெட்டுக்கும் தொட்டுக்கொள்கிறார்கள்.

பிரான்ஸின் தீஜோன் நகரில் 1856-ல் ஜான் நேஜோன் என்பவர் வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் சாற்றைச் சேர்த்தார். தீஜோன் கடுகு விழுதுக்குப் புகழ் சேர்த்த மாற்றம் அது. 2021-ல் கனடாவில் வறட்சியால் கடுகு விளைச்சல் சரிந்ததும், மறுஆண்டு பிரான்ஸ் கடைகளில் கடுகு பாட்டில்களுக்கே தட்டுப்பாடு வந்தது.

அமெரிக்காவின் காரசாரமான பழுப்புக் கடுகு விழுதில் விதைகள் கொரகொரப்பாக அரைபடுகின்றன. அங்கே ஹாட் டாக்மீது பிழியும் பளிச்சென்ற மஞ்சள் வகைக்கு நிறம் தருவது, நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ள அதே மஞ்சள்தூள்!