ஏற்றத்தில் விழிக்கும் புரதம்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். நாலைந்து வளைவுகளிலேயே தொடை எரியும், மூச்சு வாங்கும். ஆனாலும் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது. தசையில் ஆற்றல் குறைவதை உடனே உணர்ந்து வரவைக் கூட்டும் புரதம் ஒன்று அதற்குத் துணை நிற்கிறது. அதன் பெயர் ஏஎம்பிகே.

உயிரணுவின் கைச்செலவுக் காசு ஏடிபி. அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்று பிரியும்போது ஆற்றல் கிடைக்கிறது. இரண்டு பாஸ்பேட்டோடு எஞ்சும் மூலக்கூறுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உயிரணு ஓர் ஏடிபியை மீட்டுக்கொள்ளும். கூடவே ஒற்றைப் பாஸ்பேட் கொண்ட ஏஎம்பி மிஞ்சும். ஓய்வு நேரத்தில் ஏஎம்பி மிகச் சொற்பம். ஆகவே ஏடிபி சற்றே குறைந்தாலும் ஏஎம்பி பல மடங்கு பெருகிவிடும். பற்றாக்குறையைக் காட்ட இதைவிட நுட்பமான அளவுகோலை யாரால் வகுக்க முடியும்!

ஏஎம்பிகேயில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று கூறுகள். காமாவில் ஏடிபியும் ஏஎம்பியும் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஏஎம்பி வென்றால் புரதத்தின் வடிவம் மாறும். ஆல்ஃபாதான் வேலை செய்யும் கூறு. அதன் 172ஆம் இடத்திலுள்ள திரியோனினில் எல்கேபி1 என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டினால் வேகம் நூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஒட்டியதை வேறு நொதிகள் கழற்றாமல் காப்பதும் ஏஎம்பிதான். ஆல்ஃபாவையும் காமாவையும் பிணைத்து நிற்கும் பீட்டாவுக்குக் கிளைக்கோஜனைப் பற்றும் பகுதியும் உண்டு.

விழித்த ஏஎம்பிகே, தசைக்குள் குளுக்கோஸ் நுழைய உதவுகிறது. இதற்கு இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை. கொழுப்பு சேர்வதைத் தடுத்து, இருப்பதை எரிக்க அனுப்புகிறது. புதுப் புரதம் கட்டும் பணியைத் தள்ளிப்போடுகிறது. பழுதான மைட்டோகாண்டிரியாக்களை அப்புறப்படுத்தவும் தூண்டுகிறது.

சர்க்கரை நோய்க்காக நம் வீடுகளில் பலர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் கல்லீரலில் இப்புரதத்தை எழுப்புகிறது என 2001இல் தெரியவந்தது. அம்மருந்துக்கு வேறு வழிகளும் உண்டு என்பது பின்னர் புலப்பட்டது.

டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து, 2006இல் வெளியான ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் 28.2 சதவீதம்தான். நடையும் மாத்திரையும் உடலுக்குள் ஓரளவு ஒரே பாதையில் இயங்குகின்றனவோ என்று இந்த எண்கள் என்னை யோசிக்க வைக்கின்றன.