குல்ஃபி பானையில் உப்புக்கு என்ன வேலை?

"ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் உருகத்தானே செய்யும், அப்புறம் குல்ஃபி எப்படி உறைகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஐஸ் உருகுவதால்தான் குல்ஃபி உறைகிறது.

சுண்டக் காய்ச்சிய பாலில் சர்க்கரை கரைந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது. வெறும் ஐஸோ, உருகித் தீரும்வரை 0 டிகிரியை விட்டு நகராது. சிவப்புத் துணி சுற்றிய பானையில், நொறுக்கிய ஐஸுக்கிடையே கைப்பிடி கைப்பிடியாகக் கல் உப்பைத் தூவி, மூடிபோட்ட குப்பிகளை வண்டிக்காரர் புதைத்து உலுக்குவது அதனால்தான்.

ஐஸை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவை நீர் மூலக்கூறுகள். ஸ்டாப்பில் நிற்பது தண்ணீர். 0 டிகிரியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சரிசமம். இப்போது வழியனுப்ப வந்த உறவுக்கூட்டம் ஒன்று ஸ்டாப்பில் கலக்கிறது. அதுதான் உப்பு. ஐஸ் படிகத்தில் அதற்கு இருக்கை கிடையாது. ஏறாது, ஆனால் படிக்கட்டருகே இடத்தை அடைக்கும். ஏறுவோர் குறைய, இறங்குவோர் பாட்டுக்கு இறங்க, பஸ் காலியாகிறது.

இந்த பஸ்ஸில் ஒரு விசித்திர வழக்கமும் உண்டு. இறங்குகிறவர் கண்டக்டர் பையிலிருந்து காசு வாங்கிக்கொண்டுதான் இறங்குவார். காசு என்பது வெப்பம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. பை இளைக்க, குல்ஃபி குப்பியிடமும் கடன் வாங்குகிறார்கள். பை வற்ற வற்ற இறங்குவது மந்தமாகி, பூஜ்யத்துக்குக் கீழே எங்கோ ஏற்றமும் இறக்கமும் மறுபடி சமமாகும். அதுதான் புதிய உறைநிலை. (நிஜமாகவே காசு தந்தால் நான் ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்குவேன்.)

1788-இல் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேயர் இதை அளந்து, உப்பு கூடக்கூட உறைநிலை அதே விகிதத்தில் இறங்குகிறது என்று எழுதினார். ஐஸ்கிரீம்காரர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

கூட்டத்தில் யார் என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை செய்வது சுமார் 2 டிகிரி இறக்கம். இரண்டு அயனிகளாகப் பிரியும் உப்போ, 58 கிராமிலேயே 3 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். ஆகவே இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்குத் தனிக் குளிர்ச்சி உண்டு என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடுங்கள். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். தூத்துக்குடிக் கல் உப்பு தாராளமாகப் போதும்.

எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. இந்தக் கலவை எட்டக்கூடிய அடிமட்டம் மைனஸ் 21 டிகிரி. மேலும் கொட்டினால் உப்புதான் வீண். உள்ளங்கையில் உப்பையும் ஐஸையும் அழுத்திப் பிடிக்கும் 'சவால்' வீடியோக்களைப் பிள்ளைகள் செய்துபார்க்க விடாதீர்கள். தோல் தீப்பட்டதுபோல் கொப்பளித்துவிடும்.