போர்க்காலத்தில் ஒரு காற்பந்தாட்டம்

மாலை வேளையில் பள்ளித் திடலில் பந்து உதைக்கும் மாணவர்களுக்குப் பெலேயின் பெயர் புதிதன்று. அவர் நடித்த திரைப்படம் ஒன்று உண்டு. ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'எஸ்கேப் டு விக்டரி' என்பதே அது. இங்கிலாந்தின் பாபி மூர் முதலிய மெய்யான ஆட்டக்காரர்களும் அதில் தோன்றுகின்றனர்.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட நேச நாட்டு வீரர்கள், பாரிஸ் நகரில் ஜெர்மானியக் குழுவை எதிர்த்து ஆடுகின்றனர். நடுவரோ ஒருபக்கம் சாய்ந்தவர். முற்பாதி முடிகையில் கைதிகள் 1-4 எனப் பின்தங்கி நிற்கின்றனர். அவ்வேளையில், அவர்கள் உடை மாற்றும் இடத்தின் அடியில் சுரங்கவழி திறக்கின்றது. தப்பி விடலாம்! ஆயினும், ஆட்டத்தை வெல்ல முடியும் என்று கூறி அவர்கள் திடலுக்கே திரும்புகின்றனர். உயிர் பெரிதா, ஆட்டம் பெரிதா என்று நாம் திகைக்கிறோம். படத்தில் அவர்களுக்கு இரண்டுமே கிட்டுகின்றன. ஆட்டம் 4-4 எனச் சமநிலையில் முடிய, திடலுக்குள் பாய்ந்த மக்கள் வெள்ளம் அவர்களை வெளியே கொண்டு சென்றுவிடுகிறது. திரைப்படம் அல்லவா!

இக்கதைக்குத் தூண்டுதலாகக் கூறப்படும் நிகழ்ச்சி, 1942இல் உக்ரேனின் கீவ் நகரில் நடந்தது. ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட அந்நகரில், முன்பு பெயர்பெற்ற ஆட்டக்காரர் சிலர் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து வயிறு வளர்த்தனர். அவர்கள் 'ஸ்டார்ட்' என்னும் குழுவாகக் கூடி ஆடினர். ஆகஸ்டு 6ஆம் நாள், ஜெர்மானிய விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினரின் குழுவை 5-1 என வென்றனர். 9ஆம் நாள் மறு ஆட்டம். அதிலும் அவர்களுக்கே வெற்றி, 5-3.

வென்றவர்களை அன்றே, ஆட்ட உடையோடு நிறுத்திச் சுட்டனர் என்று நெடுங்காலம் கூறி வந்தனர். நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். அஃது உண்மையன்று. ஒரு வாரம் கழித்து அவர்கள் வேறொரு குழுவோடும் ஆடி வென்றனர். ஆகஸ்டு 18ஆம் நாள்தான் ஜெர்மானிய இரகசியப் போலீசார் அவர்களைக் கைது செய்யத் தொடங்கினர். ஒருவர் சித்திரவதையில் மாண்டார். கோல் காவலர் ட்ருசெவிச், குஸ்மென்கோ, கிளிமென்கோ ஆகிய மூவர் சிரெட்ஸ் முகாமில் அடைக்கப்பட்டு, 1943 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆட்டத்தில் வென்ற ஒரே காரணத்திற்காகக் கொல்லப்பட்டனர் என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. எனினும், அந்த ஆறு மாதங்களை முகாமில் கழித்தவர்களுக்குத் தப்பிச் செல்லச் சுரங்கவழி எதுவும் திறக்கவில்லை.

அதே குழுவில் ஆடிய கொன்சாரென்கோ முதலிய சிலர் தப்பிப் பிழைத்து, போர் முடிந்தபின்னும் நெடுங்காலம் வாழ்ந்தனர்.