பதவி வந்தால் முகம் சிவக்கும்!

மூக்கில் செக்கச்செவேல் கோடு, இரண்டு பக்கமும் பளீர் நீலம். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் காடுகளில் வாழும் ஆண் மாண்ட்ரில் குரங்கைப் பார்த்தால், மேக்கப் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருக்கும்.

அந்த நீலத்தில் சாயமே இல்லை; தோலுக்குள் இருக்கும் நார்களில் ஒளி சிதறுவதால் வரும் தோற்றம். சிவப்போ, தோலடியில் ஓடும் ரத்தம். கூட்டத்துக்குத் தலைவனானால் ஆண் ஹார்மோன் கூடும், முகம் இன்னும் சிவக்கும். பதவி போனால் சிவப்பும் மங்கத் தொடங்கும்.

பெண் குரங்குகள் இதைத்தான் கவனிக்கின்றன. நன்றாகச் சிவந்த ஆணையே அதிகம் தேடிப் போகின்றன. பதவி ஒருபக்கம் இருந்தாலும், நிறத்துக்கென்று தனி மவுசு உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கவனியுங்கள், இது பிறவிச் சிவப்பு இல்லை. மோதி ஜெயித்துச் சம்பாதித்தது. தோற்றுவிட்டால் மறைக்கவும் வழியில்லை. முகமே காட்டிக்கொடுத்துவிடும்!