நுண்ணுயிர் ஈனும் பிளாஸ்டிக்

மா புளிப்பதையும் பால் தயிராவதையும் நாடோறும் காண்கின்ற நாம், அத்தொழிலை இயற்றுவார் யாவர் என வினவுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே அதனைச் செய்வன. உணவைச் சிதைத்தற்குக் கருவியாக அவை ஆக்கிக்கொள்ளும் புரதப் பொருளை நொதி என்கிறோம். நொதித்தல் என்னும் சொல்லினின்று பிறந்த பெயர் இது. ஆங்கிலத்தார் வழங்கும் 'என்சைம்' என்பதும் கிரேக்க மொழியில் 'புளித்த மாவினுள்' எனப் பொருள்படுதல் மொழி பயில்வார்க்கு இன்பம் பயப்பதாம்.

1894ஆம் ஆண்டிலேயே ஜப்பானியராகிய தகாமினே ஜோக்கிச்சி, கோதுமைத் தவிட்டிற் பூஞ்சையை வளர்த்து, மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியை எடுத்து அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். இத்தகைய நொதியைப் பூஞ்சை தன் உடலுக்கு வெளியே சுரந்துவிடுகின்றது. ஆதலின், அந்நீரை வடித்து, செறிவாக்கி, உப்போ சாராயமோ சேர்த்துப் படியச் செய்தால் நொதி கைக்கு வந்துவிடும்.

பிளாஸ்டிக்கின் கதை இத்துணை எளிதன்று. 1926ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்துவந்த மோரிஸ் லெமுவாஞ் என்பார், பாசில்லஸ் மெகாதீரியம் என்னும் பாக்டீரியத்தினுள் நுண்மணிகளாகச் செறிந்து கிடந்த பொருள் ஒன்றை ஆராய்ந்து, அது பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்று கண்டார். விளைவு மிக்க காலத்து உழவன் நெல்லைக் குதிரில் இட்டு வைத்தல்போல, சர்க்கரை மிகுந்தும் நைட்ரஜனோ பாஸ்பரமோ குறைந்தும் உள்ளபோது, பெருக இயலாத பாக்டீரியம் எஞ்சிய உணவை இவ்வாறு சேமிக்கின்றது. ஆகவே ஆலையாளர் முதலில் அதனை நன்கு ஊட்டிப் பெருகச் செய்து, பின்னர் வேண்டுமென்றே நைட்ரஜனைக் குறைப்பர். சிலவகைப் பாக்டீரியங்களில், உலர்ந்த எடையில் நூற்றுக்கு 80 பங்குகூட இப்பொருளே ஆகிவிடும். அவ்வுயிரை வஞ்சித்தே இச்செல்வத்தைப் பெறுகிறோம் என எனக்குத் தோன்றுவதுண்டு.

குதிரை உடையாமல் நெல்லை எடுத்தல் எங்ஙனம்? இடர் இங்கேதான் உள்ளது. குளோரபாரத்திற் கரைத்து எடுத்தல் ஒரு முறை. தூய பொருள் கிட்டும். ஆயினும், சிறிதளவு கரைந்தவுடனே கரைசல் கூழ்போல் இறுகுவதால், அந்நச்சு நீர் ஏராளமாய் வேண்டும். மண்ணைக் காக்க எடுத்த முயற்சிக்கு நஞ்சையே துணையாகக் கொள்வது முறையோ? மற்றொரு முறையில், அணுக்களைச் சூடேற்றி, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை இட்டு, சவர்க்காரம் போன்ற பொருளாற் கழுவுவர். உடலெல்லாம் கரைந்தொழிய மணிகள் மட்டும் எஞ்சும். நொதியே பிளாஸ்டிக்கை மீட்டுத்தரும் இம்முறையே சாலச் சிறந்ததென்பேன். ஆயினும் நொதிக்கும் விலையுண்டு அன்றோ?

இவ்வாறு பெற்ற பொருள் 175 பாகை வெப்பத்தளவில் உருகும். ஆனால் எளிதில் நொறுங்கும். இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தார் பாக்டீரியத்திற்குப் புரோப்பியோனிக் அமிலத்தையும் ஊட்டி, வளையுந் தன்மையுடைய பயோபால் என்பதனைச் செய்தனர். 1990ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தலைக்கழுவு நீர்ப் புட்டிகள் அதனாற் செய்து விற்கப்பட்டன. ஆயினும் பெட்ரோலியத்தாற் செய்யும் பிளாஸ்டிக்கினும் அதன் விலை பன்மடங்காயிருந்தமையின், வாங்குவார் பெருகவில்லை.

அப்புட்டி அலமாரியில் இருக்கும்வரை கெடாது. ஈரமண்ணிற் புதைத்தாலோ, அங்குள்ள நுண்ணுயிர்கள் தம் நொதியைச் சுரந்து அதனைச் சிறிது சிறிதாக அறுத்து உண்ணும். காற்றுள்ள இடத்தில் முடிவில் எஞ்சுவன பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமே.