விளக்கம்: கட்டடத்தின் முகத்தைத் தீர்மானிக்கும் வெளிச்சுவர் உறை, அழகுடன் சேர்த்துக் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: தலைநகரின் மையப்பகுதியில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகை கட்டி முடிக்கப்பட்டது 1929-ம் ஆண்டு. அதற்கு அருகே அமைந்துள்ள புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது 2023-ம் ஆண்டு மே 28-ம் தேதி. இரண்டுக்கும் இடையே 94 ஆண்டுகள் இடைவெளி. முன்னது பெருமளவு செங்கல்லால் எழுந்தது. பின்னது கான்கிரீட் கட்டுமானம். ஆயினும் பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே தோன்றுகின்றன. இரண்டின் வெளிப்புறத்திலும் ராஜஸ்தானின் தோல்பூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்பட்ட சிவப்பு மற்றும் வெளிர்நிற மணற்கற்கள் பதிக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

கட்டடத்தைத் தாங்குவது ஒன்று. கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. இந்த இரண்டாவது அடுக்கே வெளிச்சுவர் உறை. கட்டுமானத் துறையில் இது 'கிளாடிங்' என அழைக்கப்படுகிறது. கல், கண்ணாடி, உலோகத் தகடு, சுட்ட மண் ஓடு என இதற்குப் பயன்படும் பொருள்கள் பல. எந்தப் பொருள் தேர்வு செய்யப்படுகிறது என்பது கட்டடத்தின் தோற்றத்தை மட்டுமன்றி, உள்ளே நிலவும் வெப்பத்தையும், தீ விபத்தின்போது உள்ளிருப்போரின் உயிரையும்கூடத் தீர்மானிக்கிறது.

புதிய உத்தி அல்ல

வெளிச்சுவருக்கு உறையிடும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. முழுவதும் பளிங்கால் கட்டப்பட்டதாகப் பலரும் கருதும் தாஜ்மகாலின் உட்புறக் கட்டுமானம் செங்கல்லால் ஆனது. அதன் மீது ராஜஸ்தானின் மக்ரானா பளிங்குக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அதற்கும் முன்பு, 16-ம் நூற்றாண்டில் தில்லியில் எழுப்பப்பட்ட ஹுமாயூன் கல்லறை மாடத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. சுவர்களில் செம்மணற்கல், அதன் விளிம்புகளில் வெண்பளிங்குக் கோடுகள், உச்சியில் வெண்பளிங்குக் குவிமாடம் என்ற நிற அமைப்பே அந்தப் பெரும் கட்டடத்தின் வடிவத்தைத் தொலைவிலிருந்தும் தெளிவாகக் காட்டுகிறது.

1986-ம் ஆண்டு திறக்கப்பட்ட தில்லி தாமரைக் கோயிலின் 27 இதழ்களும் கான்கிரீட்டால் வார்க்கப்பட்டவை. அவற்றின் மேல் கிரேக்க நாட்டின் பென்டெலி மலைப் பளிங்கு போர்த்தப்பட்டுள்ளது. அந்த வெண்மை இல்லாமல் சாம்பல்நிறக் கான்கிரீட்டாகவே விடப்பட்டிருந்தால், அதே வடிவம் தாமரையை இவ்வளவு எளிதில் நினைவூட்டியிருக்காது.

தோற்றத்தை மாற்றும் கூறுகள்

உறைப்பொருளின் நிறம், மேற்பரப்பின் தன்மை, துண்டுகளின் அளவு, அவற்றுக்கு இடையிலான இணைப்புக் கோடுகள் ஆகிய நான்கும் சேர்ந்தே கட்டடத்தின் முகத்தை உருவாக்குகின்றன.

மணற்கல்லின் சிவப்புக்கு அதிலுள்ள இரும்பு ஆக்சைடு காரணம். மெருகேற்றப்படாத மணற்கல் ஒளியைச் சிதறடிப்பதால், கடும் வெயிலிலும் கண்ணைக் கூசச் செய்வதில்லை. மெருகேற்றிய கிரானைட் ஒளியைப் பிரதிபலித்து, நிறத்தை ஆழமாகக் காட்டும். பெரிய பலகைகளைக் குறைந்த இணைப்புகளுடன் பதித்தால் சுவர் ஒரே பரப்பாகத் தெரியும். சிறு துண்டுகளைப் பதித்தால் கட்டடம் அளவில் சிறியதாகவும் நெருக்கமானதாகவும் தோன்றும். இணைப்புக் கோடுகள் கிடைமட்டமாக அழுத்தம் பெற்றால் கட்டடம் அகலமாகவும், செங்குத்தாக அழுத்தம் பெற்றால் உயரமாகவும் காட்சியளிக்கும்.

எடையும் கவனத்துக்குரியது. 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் பலகை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டது. 6 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை 15 கிலோ. 4 மில்லிமீட்டர் அலுமினியக் கூட்டுத் தகட்டின் எடை 6 கிலோவுக்கும் குறைவு. இந்த வேறுபாடே உயரமான கட்டடங்களில் கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியும் தகடும் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கல்லைப் பொருத்த இரு முறைகள் உள்ளன. சிமென்ட் சாந்து கொண்டு சுவரிலேயே ஒட்டுவது ஈர முறை. துருப்பிடிக்காத எஃகுப் பிடிப்பான்களால் சுவரிலிருந்து சிறு இடைவெளி விட்டுத் தாங்கச் செய்வது உலர் முறை. உயரம் கூடும்போது உலர் முறையே பாதுகாப்பானது. வெயிலில் கல் விரிவடைந்து, இரவில் சுருங்குவதற்கு அதில் இடம் இருக்கிறது. உட்புகும் மழைநீரும் வடிந்துவிடும். செலவைக் குறைப்பதற்காகச் சாதாரண இரும்புப் பிடிப்பான்களைப் பயன்படுத்தினால், அவை துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். பல மாடி உயரத்திலிருந்து பெயர்ந்து விழும் ஒரு கல், கீழே நடந்து செல்பவருக்கு உயிராபத்து.

காலம் பூசும் நிறம்

திறப்பு விழா நாளில் காணப்படும் தோற்றம் நிலைப்பதில்லை என்பதற்குத் தாஜ்மகாலே சான்று. பளிங்கின் அடிப்படைப் பொருள் கால்சியம் கார்பனேட். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்துடன் கலந்து அமிலமாகி, பளிங்கின் மேற்பரப்பை அரிக்கக்கூடியவை. இதனைக் கருத்தில் கொண்டு, தாஜ்மகாலைச் சுற்றிய சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பளவு பாதுகாப்பு மண்டலத்தில் இயங்கிய தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனினும் பழுப்பேறுதல் முற்றிலும் நிற்கவில்லை. ஐஐடி கான்பூர், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வில், புழுதியும் எரிபொருள், குப்பை போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் கார்பன் துகள்களும் பளிங்கின் மீது படிந்து நிறத்தை மாற்றுவது தெரியவந்தது. தொல்லியல் துறை முல்தானி மண் பூச்சின் மூலம் இப்படிவுகளை அவ்வப்போது அகற்றி வருகிறது.

உலகப் புகழ்பெற்ற நினைவுச்சின்னத்துக்கு இத்தகைய பராமரிப்பு சாத்தியம். சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது எட்டாத செலவு. எனவே, தூசு மிகுந்த நகரங்களில் வெண்ணிற உறையைத் தேர்வு செய்வோர், அதனைக் கழுவுவதற்கான ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது. சாளர விளிம்புகளிலும் கைப்பிடிச் சுவர்களிலும் மழைநீரை வெளியே தள்ளிவிடும் நீட்டல் இல்லாவிட்டால், சில பருவமழைகளிலேயே கருங்கோடுகள் இறங்கிவிடும்.

கண்ணாடியும் வெப்பமும்

பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகு, குருகிராம், ஹைதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களின் அலுவலக வளாகங்களுக்குக் கண்ணாடி முகப்பே அடையாளமாகிவிட்டது. வானத்தையும் எதிர்க் கட்டடங்களையும் பிரதிபலிக்கும் அந்தப் பரப்பு, நவீனத்தின் குறியீடாகவும் பார்க்கப்படுகிறது. ஆனால் வெயில் குறைந்த நாடுகளில் உள்ளே வெதுவெதுப்பைத் தேக்கி வைக்க உதவும் அதே கண்ணாடி, இந்தியக் கோடையில் குளிர்சாதன இயந்திரங்களின் சுமையைக் கூட்டுகிறது. எரிசக்தித் திறன் அமைப்பின் 2017-ம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பு, அதன் பொதுவான இணக்க முறையில், வெளிச்சுவர்ப் பரப்பில் கண்ணாடியின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என வரையறுத்ததன் பின்னணி இதுவே.

தீ விபத்தின்போது மூடிய கண்ணாடி முகப்பு மற்றொரு ஆபத்தையும் ஏற்படுத்துகிறது. 2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கொல்கத்தாவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புகையால் மூச்சுத்திணறியவர்கள். புகை வெளியேற வழியின்றி, மீட்புப் பணியினர் கண்ணாடிகளை உடைத்து உள்ளே செல்ல நேர்ந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016-ம் ஆண்டுப் பதிப்பு, கண்ணாடி முகப்புள்ள கட்டடங்களில் ஒவ்வொரு தளத்திலும் திறக்கக்கூடிய பலகைகள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. முகப்புக்கும் தளத்துக்கும் இடையிலான இடைவெளி, தீ தாங்கும் பொருளால் அடைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை.

தகட்டுக்குள் என்ன இருக்கிறது?

பழைய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சில நாள்களில் புதுமுகம் தரும் பொருள், 'ஏசிபி' எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு. மெல்லிய இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓர் உட்பொருள் வைத்து இது தயாரிக்கப்படுகிறது. மரம், கல், உலோகம் என எந்தத் தோற்றத்திலும் கிடைக்கும். எடையும் விலையும் குறைவு.

சிக்கல் அந்த உட்பொருளில்தான் உள்ளது. மலிவான வகைகளில் அது பாலிஎதிலீன் எனும் எளிதில் எரியக்கூடிய நெகிழி. லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் குடியிருப்பில் 2017-ம் ஆண்டு ஜூன் 14-ம் தேதி 72 பேரின் உயிரைப் பறித்த தீ, வெளிச்சுவர் வழியாக மிக வேகமாகப் பரவியதற்குப் பாலிஎதிலீன் உட்பொருள் கொண்ட இத்தகைய தகடுகளே முதன்மைக் காரணம் என அந்நாட்டு விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அந்தத் தகடுகள், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் பணியின்போது பொருத்தப்பட்டவை.

எரியாத அல்லது எளிதில் தீப்பற்றாத கனிம உட்பொருள் கொண்ட தகடுகளும் சந்தையில் உள்ளன. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. வேறுபாட்டைப் பரிசோதனைச் சான்றிதழ் மட்டுமே காட்டும்.

துளைகளால் ஆன முகப்பு

அழகையும் வெப்பத்தடுப்பையும் இணைக்கும் வழி இந்திய மரபிலேயே உள்ளது. ஜெய்ப்பூரில் 1799-ம் ஆண்டு கட்டப்பட்ட ஹவா மகால், 953 சிறு சாளரங்கள் கொண்ட முகப்பால் காற்றை உள்ளே அனுமதித்து, வெயிலைத் தணிக்கிறது. இதே நகரில் உள்ள பேர்ல் அகாடமி வடிவமைப்புக் கல்லூரி வளாகத்தில், 'ஜாலி' எனப்படும் துளைத்திரை சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி அமைக்கப்பட்டுள்ளது. வெயில் முதலில் திரையைத் தாக்குவதால் உட்சுவர் நிழலில் இருக்கிறது. திரையின் நிழற்கோலமே கட்டடத்துக்கு அழகும் சேர்க்கிறது.

வீடு கட்டுவோரும் குடியிருப்புச் சங்கங்களும் உறைப்பொருளைத் தேர்வு செய்யும் முன் ஒப்பந்ததாரரிடம் நான்கு கேள்விகளை எழுப்புவது பயன் தரும். இப்பொருள் தீயில் எரியுமா, அதற்கான சான்றிதழ் உள்ளதா? பிடிப்பான்கள் எந்த உலோகத்தால் ஆனவை? மேற்கு வெயிலை இச்சுவர் எவ்வாறு சமாளிக்கும்? பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இதனைக் கழுவவும் பழுதுபார்க்கவும் ஆகும் செலவு என்ன? இவற்றுக்கான பதில் எழுத்துவடிவில் கிடைத்த பிறகு, நிறத்தையும் வடிவத்தையும் முடிவு செய்யலாம்.